ஆறாம் பங்கு

வீட்டுப் பரண் என்பது பயனற்ற பொருள்களின் புகலிடம் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஓடாத மேசைவிசிறி, பிள்ளைகளின் பழைய பாடநூல்கள், பொங்கலுக்கு மட்டும் கீழிறங்கும் வெண்கலப் பானை ஆகியவற்றோடு என் அத்தையின் தகர டப்பாக்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருந்தேன். அந்தக் கணக்குப் பிழையானது என்பதை 2019ஆம் ஆண்டு மே மாதத்தின் ஒன்பது நாள்கள் எனக்குக் கற்பித்தன. அவற்றுள் ஒரு நாளின் மாலைப்பொழுதை இன்றும் நாணத்தோடுதான் நினைக்கிறேன். எழுதிவிடுவதே நேர்மை என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

புவனேசுவரத்தில் மத்திய அரசு அலுவலகமொன்றில் நான் எழுத்தர். என் கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. பிள்ளைகள் இருவர். மாமனார் மறைந்த பின், அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு அத்தையும் எங்களோடு வந்து சேர்ந்தார். பிள்ளைகள் அவரை ‘ஆச்சி’ என்றே அழைப்பர். வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர் அன்போடு வந்து, “முடி சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டதும் அத்தை திடுக்கிட்டுப் போனார். ஒடியாவில் பொரிக்கு ‘முடி’ என்று பெயர் என நான் விளக்கிய பின்னரே அவர் முகம் தெளிந்தது. அவலுக்குச் ‘சுடா’ என்றும், சத்துமாவுக்குச் ‘சத்துவா’ என்றும் பெயர் எனக் கேட்டறிந்ததும், “பேருதான் வேற, டப்பா ஒண்ணுதான்” என்றார்.

அந்த டப்பாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றில் கெட்டி அவல், மற்றொன்றில் பொட்டுக்கடலை. துவரம்பருப்பின் நடுவே வற்றல் மிளகாய். அரிசியினுள்ளே நிழலில் உலர்ந்த வேப்பிலை. கோடை வெயிலில் பிழிந்து உலர்த்திய கூழ்வற்றல், சுண்டைவற்றல், மோர்மிளகாய். ஓலைப்பெட்டியில் ஊரிலிருந்து வந்த கருப்பட்டி. பீங்கான் ஜாடிகளில் நாரத்தங்காயும் புளிக்காய்ச்சலும். இவை யாவற்றிற்கும் மேலாக ஒரு டப்பா நிறையப் பொரிவிளங்காய் உருண்டை. வறுத்த அரிசியும் பாசிப்பயறும் சுக்கும் சேர்த்து, வெல்லப்பாகில் பிடித்த அவ்வுருண்டையைக் கடிப்பதற்குப் பல் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும்.

“காய்ஞ்ச பண்டத்துக்கு ஈரந்தான் சத்துரு” என்பது அத்தையின் அடிப்படைப் பாடம். ஈரக் கையோடு எவரும் ஜாடியைத் தொடலாகாது. மழைக்காலத்துக்கு முன் எல்லாம் ஒருமுறை வெயில் காண வேண்டும்.

நானோ குளிர்பதனப் பெட்டியை நம்பி வாழ்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு, நறுக்கிய காய்கறி, துருவிய தேங்காய் ஆகியவற்றை வாரம் முழுவதற்கும் அதனுள் அடுக்கிவிட்டு அலுவலகத்துக்கு ஓடுவேன். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், பரணை ஒழித்துவிடலாம் என்று பேச்செடுத்தேன்.

“எதுக்கு அத்தை இவ்வளவும்? கடை தெருமுனையிலேயே இருக்கே!”

“கடை இருக்கும்மா. கடைக்குப் போக வழி இருக்கணும்லா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2019 மே 3, வெள்ளிக்கிழமை காலையில் ஃபோனிப் புயல் பூரியருகே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு முன்பே ஏறத்தாழ 12 இலட்சம் மக்களை ஒடிசா அரசு பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பிவிட்டது. 1999 அக்டோபரில் வீசிய பெரும்புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்களைப் பலிகொடுத்த மாநிலம் அது. அந்தப் படிப்பினை வீண்போகவில்லை. உயிர்கள் பெரும்பாலும் காக்கப்பட்டன. ஆனால் மின்கம்பங்களையும் கம்பிகளையும் யாரால் காத்திருக்க முடியும்? பூரியிலிருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்த எங்கள் நகரமும் நண்பகலுக்குள் உருமாறிவிட்டது. எங்கள் குடியிருப்பின் குல்மோகர் மரங்கள் வேரோடு சாய்ந்து, கம்பிகளை அணைத்தபடி சாலையில் கிடந்தன. கைப்பேசிகள் ஊமையாயின. பணம் வழங்கும் இயந்திரங்கள் கண்மூடின. கடைக்குப் போக வழி இல்லை. வழி உண்டான பின்னும், கையில் ரொக்கம் இருந்தவருக்கே கடை இருந்தது.

கதவைத் திறவாது வைத்தாலும் குளிர்பதனப் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரந்தான் தன் குளிரைக் காக்கும். அதன் பிறகு அது வெறும் அலமாரி. பாலைக் காய்ச்சிக் காய்ச்சிப் பயன்படுத்தினோம். முதல் நாளே காய்கறிகளையெல்லாம் கூட்டாக்கி உண்டு தீர்த்தோம். மறுநாள் காலையில் மாவு பொங்கி வழிந்து, பாத்திரத்தை விட்டு வெளிநடப்புச் செய்திருந்தது. தேங்காய்த் துருவலும் மாவும் குப்பைக்குப் போயின. என் ஒரு வார உழைப்பின் முடிவு அது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முக்காலியைப் போட்டு என் கணவரைப் பரண்மேல் ஏறச் சொன்னார்.

அந்நாள்களில் உணவைக் காட்டிலும் பெரிய கவலையாக இருந்தது நீர். மின்சாரம் இல்லையேல் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையேல் மேல்தொட்டியில் நீர் இல்லை. குடியிருப்பின் மூலையிலிருந்த பழைய அடிகுழாய் ஒன்றே எல்லோர்க்கும் கதியாயிற்று. அப்போதுதான் டப்பாக்களுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு என்பதை உணர்ந்தேன். வற்றலும் ஊறுகாயும் சோற்றுக்குச் சுவை தரும். ஆனால் உப்பு மிகுந்த பண்டம் தாகத்தைப் பெருக்கும். பருப்பு வேக எரிவாயுவும் நீரும் வேண்டும். அவலுக்கோ அடுப்பு வேண்டா. கொதித்து ஆறவைத்த நீர் சிறிது தெளித்தால் போதும். கருப்பட்டியைச் சீவிப் போட்டால் குழந்தையும் உண்ணும், பல் இல்லாதவரும் உண்பர். வெள்ளத்திலும் புயலிலும் ஒடிசாவில் முதலில் வழங்கப்படும் உலர் உணவில் சுடாவும் வெல்லமும் ஏன் இடம்பெறுகின்றன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இனி அந்த மாலைப்பொழுது.

எங்கள் கட்டடத்தின் பின்புறம் தகரக் கொட்டகையில் துணி தேய்க்கும் தொழிலாளி ஒருவர், மனைவியோடும் நான்கு வயது மகனோடும் வாழ்ந்து வந்தார். புயல் அந்தத் தகரத்தைப் பறித்துச் சென்றுவிட்டது. மூவரும் எங்கள் மாடிப்படியின் அடியில் ஒதுங்கியிருந்தனர். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலையில், அந்தப் பெண் கையில் ஒரு கிண்ணத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“தீதீ, சுடா அச்சி?”

அவல் இருக்கிறதா என்று பொருள். என் பின்னால் சமையலறை மேடையில் அவல் டப்பா திறந்தே இருந்தது. மின்சாரம் என்று வரும் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். என் மனம் ஒரு நொடியில் ஐந்து பேருக்கு எத்தனை நாள் என்று வகுத்துப் பார்த்தது. எனக்குத் தெரிந்த ஒடியாச் சொற்கள் குறைவு; அவற்றுள் அன்று எல்லாவற்றிலும் விரைந்து வந்த சொல் ‘நாஹி’ என்பதே. இல்லை என்றேன். அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை, அதுதான் என்னை இன்றும் உறுத்துவது. அன்று காலை அடிகுழாயிலிருந்து எங்கள் இரண்டு குடங்களையும் நிரப்பி, இரண்டாம் மாடிவரை சுமந்து வந்து வைத்தவர் அவளுடைய கணவர்.

அவள் இரண்டு படிகள் இறங்கியிருப்பாள். உள்ளிருந்து அத்தை வந்தார்.

“யாரும்மா ‘ஆச்சி’ன்னு கூப்பிட்டது?”

‘அச்சி’ என்ற ஒடியாச் சொல் அவர் செவியில் ‘ஆச்சி’ என்று விழுந்திருந்தது. யாரோ பேரப்பிள்ளை முறைக்காரர் தம்மை அழைப்பதாக எண்ணியே எழுந்து வந்திருக்கிறார்.

“இஸ்திரி போடுறவர் வீட்டுக்காரி, அத்தை.”

“என்ன வேணுமாம்?”

“அவல் கேட்டா.”

“குடுத்தியா?”

ஒடியாவில் அத்துணை எளிதாக வந்த பொய், தமிழில் வர மறுத்தது. நான் தலைகுனிந்து நின்றேன். அத்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே சென்று, இரண்டு ஆழாக்கு அவலும் ஒரு கருப்பட்டி வட்டும் எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

“நான் குடுத்தா அது என் கணக்கு. இல்லைன்னு சொன்னது நீ. நீயே போய்க் குடு தாயி.”

படியிறங்கிச் சென்றேன். இருபது படிகளே அவை. அலுவலகத்தில் அதிகாரி முன் பிழையை ஒப்புக்கொள்ளச் சென்ற நாள்களில்கூட என் கால்கள் அவ்வளவு கனத்ததில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் கிண்ணத்தை நிரப்பினேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. சிறுவன் மட்டும் கருப்பட்டியை நாவால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் காலையிலும் குடங்கள் வழக்கம்போலவே நிறைந்து வந்தன.

மே 11 அன்று எங்கள் வீட்டில் விளக்கெரிந்தது. அதற்குள் கட்டடத்து ஆறு குடும்பங்களும் ஒரே அடுப்பில் சமைக்கத் தொடங்கியிருந்தோம். எங்கள் புளிக்காய்ச்சலும் கூழ்வற்றலும் போயின. அவர்களிடமிருந்து பகாளமும் சுட்ட கத்தரிக்காயும் வந்தன. நீரில் ஊறிப் புளித்த நம் பழைய சோற்றின் உடன்பிறப்பே பகாளம். ஆண்டுதோறும் மார்ச் 20ஐ அதற்கென ஒரு நாளாகவே இங்கே கொண்டாடுகின்றனர். கொடுத்ததனால் எங்கள் இருப்புக் குறைந்தது உண்மை. குறைந்த இருப்பு எங்களைப் பட்டினி போடவில்லை என்பதும் உண்மை.

பின்னர் நான் சிந்தித்துப் பார்த்தேன். சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? இரண்டும் ஒரே டப்பாவில்தான் இருக்கின்றன. அளவிலும் இல்லை வேறுபாடு. கணக்குப் போடும்போது யாரைச் சேர்த்தோம் என்பதில்தான் இருக்கிறது. மணிமேகலையின் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது. அதிலும் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் ஒரு குடும்பப் பெண்ணே. நம் டப்பாக்கள் அமுதசுரபிகள் அல்ல. அவற்றிற்கு அடி உண்டு. ஆகவேதான் கணக்கு வேண்டியிருக்கிறது. கொடுக்க வேண்டியதையும் முன்கூட்டியே கணக்கில் எழுதிவிட்டால், கொடுக்கும் நேரத்தில் கை நடுங்காது.

எழுத்தர் வேலை எனக்குக் கற்றுத்தந்தது பதிவேடு ஒன்றுதான். அதனையே வீட்டுக்கும் கொண்டு வந்தேன். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வரவு, செலவு, இருப்பு என மூன்று பத்திகள். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அவல். ஏழு நாளுக்கு ஐவர்க்கு மூன்றரைக் கிலோ போதும். ஆனால் நான் எழுதுவது ஆறு பேருக்கு, 4 கிலோ 200 கிராம். புயல் எச்சரிக்கை வந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம், மூன்று நாளுக்கு 72 லிட்டர் நீர் பிடித்து வைக்கிறோம். அதுவும் ஆறு பேருக்கே. பழையதை முன்னால் வைத்து முதலில் செலவழிக்கிறோம். புதியதைப் பின்னால் அடுக்குகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவல் உப்புமா என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது. இல்லையேல் சேமிப்பு வண்டுகளுக்கு விருந்தாகும். தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, சிறிது சில்லறைப் பணம் ஆகியவையும் ஒரு டப்பாவில் இருக்கின்றன.

2021 மே மாதத்தில் யாஸ் புயலும், 2024 அக்டோபரில் டானா புயலும் ஒடிசாக் கரையை அடைந்தபோது டப்பாக்களை இறக்கி எண்ணி வைத்தோம். அவ்விரு முறையும் எங்கள் வீட்டுக்கு அவை தேவைப்படவில்லை. தேவைப்படாமற்போவதும் ஒரு நற்பேறே. வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. 2005 ஜூலையில் மும்பையை மூழ்கடித்த மழையையும், 2012 ஜூலையில் வட இந்தியாவை அடுத்தடுத்து இருநாள் இருளில் ஆழ்த்திய மின்தடையையும் கண்டவர்கள் இம்மலரைப் படிப்போரிடையே இருக்கக்கூடும். அத்தகைய நாளில் சொந்த ஊர் ஆயிரம் கல் தொலைவில் இருக்கும். உறவினர் ஓடி வர இயலாது. அன்று நமக்கு உறவு, படிக்கட்டில் எதிர்ப்படுகின்றவர்களே.

அத்தைக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. டப்பாக்களின்மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுவது என் மகளின் பொறுப்பு. சென்ற மாதம் தாளைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “நாம அஞ்சு பேர்தானே அம்மா? ஏன் ஆறுன்னு எழுதியிருக்க?” படியடியில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி அவளுக்குச் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் மறைக்கவில்லை.

ஒடியாவில் ‘இல்லை’ என்பதற்கு ‘நாஹி’. ‘இருக்கிறது’ என்பதற்கு ‘அச்சி’. முன்னதை நான் என்றோ கற்றுக்கொண்டுவிட்டேன். பின்னதை விரைந்து சொல்ல இன்னும் பழகி வருகிறேன்.