ஊமையான சவுண்ட் கார்டும் ஒரு துபாஷியும்

செஞ்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டை ஞாபகம் வரும், அடுத்தது ராஜா தேசிங்கு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டைக்கு இடம் கிடைத்த பிறகு இன்னும் கொஞ்சம் பேர் எட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சொத்தும் உண்டு. அது திரௌபதி அம்மன் கோயில்களும், அங்கே நடக்கும் பாரதப் பிரசங்கமும், விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி 1988-இல் வந்தது. அதன் துணைத்தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்ற பொருளில்!

டேப் ரெக்கார்டர் கிராமத்துக்குள் வந்த காலத்திலிருந்து கூத்தையும் பிரசங்கத்தையும் கேசட்டில் பிடித்து வைப்பது தமிழ்நாட்டில் சாதாரணமான விஷயம். பாடியவர்களில் பலர் இன்று இல்லை. கேசட் மட்டும் பீரோவுக்குள் கிடக்கிறது. அதுவும் நிரந்தரம் இல்லை. நாடா பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், பிளேயரின் ரப்பர் பெல்ட் அறுந்துவிடும். ஆக, கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு மாற்ற வேண்டும், அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு துளை. ஹெட்போனும் மைக்கும் அதிலேயே. அதன் மைக் வழி பொதுவாக மோனோ. டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் ஸ்டீரியோ ஒலியை நேராக வாங்க 'லைன் இன்' என்ற வழி வேண்டும். பழைய டெஸ்க்டாப்பின் பின்பக்கம் பச்சை, ரோஸ், வெளிர்நீலம் என்று மூன்று துளைகள் இருக்குமே, அதில் வெளிர்நீலம்தான் அது. மூலையில் போட்டு வைத்த அந்தப் பழைய கணினியில் 1998-இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் மாதிரி ஒரு கார்டு இருந்தால் யோகம்தான். கேசட் வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் அந்தக் கணினியில் யாராவது புதிய விண்டோஸைப் போட்டிருப்பார்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் சவுண்ட் கார்டு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஆச்சரியக்குறி. சத்தமே வராது. பக்கத்தில் கேட்டால் "கார்டு போயிடுச்சு சார், தூக்கிப் போடுங்க" என்பார்கள்.

கார்டு போகவில்லை. போனது அதன் துபாஷி.

பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துபாஷி என்ற சொல் புதிதல்ல. இரண்டு பாஷை தெரிந்தவர் துபாஷி. கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு உலகப் புகழ் பெற்றது. துரைக்குத் தமிழ் தெரியாது, ஊருக்குப் பிரெஞ்சு தெரியாது. நடுவில் துபாஷி இல்லாவிட்டால் ஒரு மூட்டை துணிகூட நகராது.

கணினியில் டிரைவர் செய்வதும் அதே வேலைதான். விண்டோஸோ லினக்ஸோ, அது துரை. "இந்தப் பாட்டை இசை" என்று பொதுவாகத்தான் சொல்லத் தெரியும். சவுண்ட் கார்டுக்கு அந்த மொழி புரியாது. எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் ஒலி கூடும், எப்போது அடுத்த துண்டு ஒலியை நினைவகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று அதற்குத் தனி பாஷை. அந்தப் பாஷை கார்டைச் செய்த நிறுவனத்துக்குத்தான் முழுசாகத் தெரியும்.

இப்போது ஆட்சி மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக் கோட்டைக்கு அது பழகிப்போன விஷயம். நாயக்கர், பிஜாப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், ஆற்காட்டு நவாப், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர்... கல்லும் மலையும் அப்படியேதான் இருந்தன. ஆனால் பிரெஞ்சு மட்டும் தெரிந்த துபாஷிக்கு ஆங்கிலத் துரையிடம் என்ன வேலை?

கணினி உலகில் அப்படி ஒரு பெரிய ஆட்சி மாற்றம் 2007 ஜனவரி 30-ஆம் தேதி நடந்தது. விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்த நாள். எக்ஸ்பி வரைக்கும் சவுண்ட் டிரைவருக்குக் கணினியின் கருவறை வரை போய்வர அனுமதி இருந்தது. அது தடுக்கி விழுந்தால் மொத்தக் கணினியும் நீலத்திரையோடு விழும். விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பைப் புதிதாக எழுதியது. பெரும்பகுதி வேலை கருவறைக்கு வெளியே வந்தது. கணினி அடிக்கடி விழாமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளையாட்டுகளின் ஒலியை நேராகக் கார்டிடம் கொடுத்துச் செய்துகொள்ளும் பழைய பாதை அடைபட்டது. அந்தப் பாதையை நம்பியிருந்த கார்டுகளின் பெருமை ஒரே நாளில் குறைந்தது.

இன்னும் இரண்டு வாசல்களும் சாத்தப்பட்டன. 32 பிட் விண்டோஸுக்காக எழுதிய டிரைவர் 64 பிட்டில் ஓடாது. 64 பிட் விஸ்டாவிலிருந்து டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். 2016-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிய டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆனது. பழைய சிடியைத் தேடி எடுத்துப் போட்டாலும் பலன் இல்லாததற்கு இவைதான் காரணம்.

சரி, நிறுவனமே புதிய டிரைவர் எழுதித் தரக்கூடாதா? இந்தக் கேள்வி உலகம் முழுக்க வெடித்த ஒரு சம்பவம் உண்டு.

சவுண்ட் பிளாஸ்டரைச் செய்தது சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம். 1981-இல் சிம் வோங் ஹூ (2023 ஜனவரியில் காலமானார்) தொடங்கியது. 1989-இல் வந்த முதல் சவுண்ட் பிளாஸ்டருக்கு முன்னால் சாதாரண பிசி 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆசியாவிலிருந்து கிளம்பி உலகச் சந்தையைப் பிடித்த நிறுவனம். ஆனால் விஸ்டா வந்தபோது, எக்ஸ்பியில் வேலை செய்த சில வசதிகள் அதன் பழைய கார்டுகளில் காணாமல் போயின. வாடிக்கையாளர்கள் புலம்பினார்கள்.

அப்போது பிரேசிலிலிருந்து டேனியல்_கே என்ற பெயரில் ஒருவர் கிளம்பினார். நிறுவனத்தின் டிரைவரையே பிரித்து, மாற்றி, விடுபட்ட வசதிகளை விஸ்டாவில் வேலை செய்ய வைத்தார். எல்லோருக்கும் கொடுத்தார், விருப்பப்பட்டவர்களிடம் நன்கொடையும் கேட்டார். 2008 மார்ச் கடைசியில் கிரியேட்டிவின் துணைத்தலைவர் ஒருவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். எங்கள் சொத்தை வைத்துப் பணம் பெறுவதை நிறுத்துங்கள், எந்தக் கார்டுக்கு எந்த வசதியைத் தருவது என்பது எங்கள் வணிக முடிவு என்பது அதன் சாரம்.

அந்தக் கடைசி விஷயம்தான் நெருப்பைப் பற்ற வைத்தது. முடியாததால் தரவில்லை என்று இதுவரை நினைத்தவர்களுக்கு, முடியும் ஆனாலும் தரவில்லை என்று கேட்டது. ஆயிரக்கணக்கில் கண்டனங்கள். இனி இந்த நிறுவனத்தின் பொருளையே தொடமாட்டோம் என்று சபதங்கள். சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கிவந்தது. டேனியல்_கே தன் வேலையைத் தொடர்ந்தார்.

நிறுவனத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இல்லாமல் இல்லை. கார்டு ஒரு தடவைதான் விற்கும். டிரைவரோ ஒவ்வொரு புது விண்டோஸுக்கும் எழுத வேண்டும். பொறியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். டால்பி போன்ற தொழில்நுட்பங்களுக்கு உரிமத்தொகை தனி. பத்து வருடம் முன்னால் விற்ற பொருளுக்கு இன்னும் எவ்வளவு காலம் செலவு செய்வது? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியும் இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, சரி. வேறு யாராவது எழுதிக்கொள்ள அந்தப் பாஷையின் இலக்கணத்தையாவது கொடுக்கலாமே?

அதற்கும் கிரியேட்டிவே உதாரணம் என்பதுதான் வேடிக்கை! சவுண்ட் பிளாஸ்டர் லைவுக்கான லினக்ஸ் டிரைவரின் மூலநிரலை 1999-லேயே அது திறந்த மூலமாக வெளியிட்டது. மார்ச் சண்டை நடந்த அதே 2008-ஆம் வருடம் நவம்பரில் எக்ஸ்-ஃபை கார்டுகளின் லினக்ஸ் டிரைவரையும் அப்படியே திறந்துவிட்டது. மறுவருடமே அது லினக்ஸ் கெர்னலுக்குள் போய்ச் சேர்ந்தது.

லினக்ஸில் ஒலிக்குப் பொறுப்பான பகுதிக்கு அல்சா என்று பெயர். செக் நாட்டின் யாரொஸ்லாவ் கிசெலா 1998-இல், கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒரே ஒரு கார்டுக்கு நல்ல டிரைவர் வேண்டும் என்று ஆரம்பித்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அது நிரந்தர இடம் பிடித்தது. அங்கே துபாஷிகள் எல்லோரும் அரண்மனைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். அதாவது டிரைவர்களின் மூலநிரல் கெர்னலோடு சேர்ந்தே இருக்கிறது. கெர்னலின் உள்ளமைப்பை ஒருவர் மாற்றினால், அதனால் பாதிக்கப்படும் டிரைவர்களையும் அவரே சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். 1998 கார்டின் டிரைவர் இன்றும் இருப்பதற்கு இதுதான் காரணம். 2023-இல்கூட அதற்குப் புதிய திருத்தங்கள் சேர்ந்தன. கார்டுக்கு 25 வயது!

லினக்ஸ் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. உபுண்டு 8.04-இல் பல்ஸ்ஆடியோ வந்தபோது சத்தம் போனவர்கள் பாடிய பாட்டு 2008-இல் இணையம் முழுக்கக் கேட்டது. ஆனால் அங்கே ஒரு கார்டு ஊமையானால் சரிசெய்ய யாருக்கும் தடை இல்லை. வித்தியாசம் அதுதான்.

பீரோவில் கேசட்டும் மூலையில் பழைய கணினியும் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. முதலில் கார்டின் பெயரை அதன் எண்ணிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ள வரியை ரைட் கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடி என்று போனால் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் நிறுவனம், இரண்டாவது சிப். 1102 என்றால் கிரியேட்டிவ். அதோடு 0002 என்றிருந்தால் அசல் லைவ், 0004 என்றால் ஆடிஜி. 8086 என்றால் இன்டெல் (தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே வைத்துக்கொண்டது!). அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரே பெயரில் வேறு வேறு சிப் விற்றிருக்கிறார்கள்.

2. 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். டிரைவரோடு வைரஸும் இலவசமாக வரலாம். லைவ், ஆடிஜி கார்டுகளுக்கு விண்டோஸில் கேஎக்ஸ் என்று ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்று உண்டு. முயன்று பார்க்கலாம்.

3. விண்டோஸைக் கலைக்காமல் ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் கார்டு நலம் என்பது நிச்சயம்.

4. லினக்ஸிலும் சத்தம் வரவில்லையா? பதறாதீர்கள். டெர்மினலில் அல்சாமிக்ஸரைத் திறந்து பாருங்கள். அல்சா எல்லா வழிகளையும் மூடி வைத்துக்கொண்டு ஆரம்பிக்கும் பழக்கம் உள்ளது. 'எம்எம்' என்று காட்டினால் வாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். எம் விசையைத் தட்டினால் திறக்கும். பதிவு செய்ய எஃப்4 தட்டி, லைனைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரை அழுத்துங்கள்.

5. அடாசிட்டியில் 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். லைவ் கார்டு உள்ளுக்குள் 48,000-இல்தான் இயங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு சுமார் 690 எம்பி ஆகும். ஒன்பது மணி நேரக் கூத்து என்றால் ஆறு 90 நிமிடக் கேசட், சுமார் 6.2 ஜிபி. சின்னப் பென்டிரைவிலேயே அடங்கிவிடும்.

6. எதுவுமே சரிப்படவில்லை என்றால் ஸ்டீரியோ லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கருவி வாங்கலாம். யுஎஸ்பி ஆடியோவுக்கு 1998-லேயே பொதுவான மொழி ஒன்றை வகுத்துவிட்டார்கள். அதைப் பேசும் கருவிக்குத் தனி டிரைவரே வேண்டாம். வாங்கும்போது லைன் இன் ஸ்டீரியோதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவானவற்றில் பல மோனோ மைக்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்னும் நிறைய கணினிகளும் கார்டுகளும் மூலைக்குப் போகப்போகின்றன. அடுத்த முறை பிரிண்டரோ ஸ்கேனரோ சவுண்ட் கருவியோ வாங்கும்போது விலையோடு இன்னொன்றையும் விசாரியுங்கள். அது பொதுமொழி பேசுமா, அல்லது கம்பெனியின் துபாஷி இருக்கும்வரை மட்டும் பேசுமா என்று. கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். "லினக்ஸில் வேலை செய்கிறது" என்று நாலு பேர் இணையத்தில் எழுதியிருந்தால், பெரும்பாலும் அதுவே போதுமான பதில்.

கேசட் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கார்டுக்கு வேறு துபாஷி கிடைப்பார். பூஞ்சை பிடித்த நாடாவுக்கு எந்தத் துபாஷியாலும் உதவ முடியாது.