சீட்டில்லாமல் பேசிய நாள்

எங்கள் பள்ளிவாசலில் மௌத்து அறிவிப்புச் சொல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இறந்தவரின் பெயர், அவருடைய தந்தை பெயர், எந்தத் தெரு, ஜனாஸா எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒரு சீட்டில் எழுதப்பட்டு என் கைக்கு வரும். வீட்டாரில் ஒருவரிடம் அதை ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகுதான் ஒலிபெருக்கியைத் திறப்பேன். ஒரே பெயரில் பலர் வாழும் ஊரில் பெயர் மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு கவனமாகப் பழகிய நாக்கு ஒரு கபடி மைதானத்தில் சீட்டில்லாமல் பேசியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பக்ரீத் நெருங்கும்போது வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு வாங்க வந்தவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரிந்திருக்கும். சென்ற ஆண்டு அருகிலுள்ள ஒரு பள்ளியில் 17 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான கபடிப் போட்டி நடந்தது. பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் கைப்பேசியை முக்காலியில் பொருத்தி யூடியூபில் நேரலையாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். "பாய், உங்க குரல் நல்லா இருக்கு, நீங்களே மைக்கைப் பிடிங்க" என்று உடற்கல்வி ஆசிரியர் முதல்நாள் மாலையில் கேட்டார். சம்மதித்தேன். வீட்டுக்குப் போய் நன்றாக உறங்கினேன். நான் செய்த தயாரிப்பு அவ்வளவே.

தொலைக்காட்சியில் கேட்ட புரோ கபடி வர்ணனையின் ஆரவாரம்தான் என் மூலதனம். கத்தினேன், திரைப்பட வசனங்களை இடையிடையே சேர்த்தேன். கூட்டம் சிரிக்கச் சிரிக்க எனக்கும் துணிவு வந்தது. இறுதி ஆட்டத்தில் ஒரு மாணவர் பாடிச் செல்லவே இல்லை. மூலையிலேயே நின்றார், நடையும் தளர்ந்திருந்தது. "காலையில் இட்லி கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலும்" என்றேன். மைதானம் முழுவதும் சிரித்தது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அவருடைய அணியில் மூவர் மட்டுமே களத்தில் எஞ்சியிருந்தார்கள். எதிரணி வீரர் பாடி வந்தார். ஒரு கை அவருடைய கணுக்காலைப் பற்றியது. புழுதிக்குள் எல்லோரும் விழுந்தார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளிகள். ஆட்டத்தின் போக்கே அதில் மாறியது. பிடித்தவர் யார் என்று நான் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ அணித்தலைவரின் பெயரைக் கூவினார்கள். நானும் அதையே ஒலிபெருக்கியில் முழங்கினேன்.

பரிசளிப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் உடற்கல்வி ஆசிரியர் சொன்னார்: மூலையில் நின்ற மாணவருக்குக் காலையில் நடந்த அரையிறுதியிலேயே கணுக்கால் பிசகிவிட்டது. மாற்று ஆட்டக்காரர் இல்லாததால் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறார். அந்தப் பிடியைப் பிடித்தவரும் அவர்தான்.

நான் அவரைத் தேடிச் சென்று வருத்தம் தெரிவித்தேன். "சிரிச்சது பரவாயில்ல பாய்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஆனா அந்தப் பிடி நான் பிடிச்சது. அப்பா லாரியில நாக்பூர் பக்கம் போயிட்டிருக்காரு. வண்டியை ஓரங்கட்டிட்டு போன்ல பார்த்திருக்காரு. அது நீதானே, ஏன் வேற பேரைச் சொல்றாங்கன்னு கேட்டாரு" என்றார்.

ஹுஜுராத் அத்தியாயத்தை எத்தனை முறை ஓதியிருப்பேன்! வந்த செய்தியைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறும் (49:6), பிறரை ஏளனம் செய்யாதிருக்குமாறும் (49:11) அதில் கட்டளை இருக்கிறது. அரை மணி நேரத்தில் இரண்டையும் மீறியிருந்தேன். பள்ளி மாணவரின் விளையாட்டு என்பதால் எப்படிப் பேசினாலும் போதும் என்ற எண்ணம் எனக்குள் இருந்திருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரை ஒரு வர்ணனையாளர் தவறாகச் சொன்னால் நூறு இடங்களில் அது சரியாக எழுதப்பட்டிருக்கும். இந்த மாணவருக்கு அந்த ஒரு காணொளிதான் இருக்கிறது.

என் அத்தா வைத்திருந்த டிரான்சிஸ்டரில் அகில இந்திய வானொலியின் தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவன் நான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களின் குரல் எங்கள் வீட்டில் ஓர் உறவினரின் குரலைப் போன்றது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது அத்தா இருந்திருந்தால் துஆ செய்திருப்பார். வானொலியில் கேட்பவர் எதையும் காண முடியாது; பந்து எங்கே போனது, யார் எடுத்தார், எத்தனை ஓட்டம் என்பதைச் சொன்ன பிறகுதான் மற்ற அழகெல்லாம். அந்தக் குரலை இவ்வளவு ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தவன் அந்த ஒழுங்கை மட்டும் மறந்திருந்தேன்.

கைப்பேசி நேரலையும் ஏறக்குறைய வானொலிதான். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தன. தூர்தர்ஷன் அவற்றை ஒளிபரப்பியதைப் போலப் பல கேமராக்களும் திரையில் புள்ளி விவரமும் மறுகாட்சியும் நம்மிடம் இல்லை. மைதானத்தின் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும் ஒற்றைக் கேமரா. தொலைவில் எறும்புகளைப் போல 14 பேர். எங்கோ ஒரு லாரியில் இருந்து பார்க்கும் தந்தைக்குப் புள்ளிகள் என்ன, எவ்வளவு நேரம் மீதி, பாடிச் செல்வது யார் என்பதை நாம் சொன்னால்தான் தெரியும். அவருக்குத் திரைப்பட வசனம் எதற்கு?

இப்போது ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறேன். இரு அணிப் பொறுப்பாளர்களிடமும் பெயர்ப் பட்டியல் வாங்கி, சட்டை எண்ணோடு சரிபார்க்கிறேன். (இரவல் சட்டையில் வருபவர்கள் உண்டு, பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் நம்பக் கூடாது.) எல்லைப் பகுதி என்பதால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் பிள்ளைகள் பலர். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்கிறேன். கேட்டாலே முகம் மலர்கிறது. யாருக்குக் காயம் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் விசாரிக்கிறேன். எங்கள் சந்தையில் தரகர் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பாராமல் வயதைச் சொல்லமாட்டார். குர்பானிக்கு வாங்குகிற நாமும் பாராமல் ஏற்கமாட்டோம்.

பேசுகிறவரே புள்ளிக் கணக்கையும் எழுத முயன்றால் இரண்டும் கெடும். அதனால் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பக்கத்தில் அமர்ந்து குறிப்பேட்டில் புள்ளிகளைக் குறித்துத் தருகிறாள். பிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாத கணத்தில் பெயர் சொல்வதில்லை. அவள் விரலை உயர்த்தும்வரை காத்திருக்கிறேன். மாணவியர் ஆட்டத்தை நேரலையில் காட்டுவதற்கு முன் பெற்றோரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தோன்றியது.

அந்தப் பழைய காணொளி இன்னும் இருக்கிறது. நீக்கிவிடலாம் என்றேன், வேண்டாம், அப்பா அடிக்கடி பார்க்கிறார் என்று அந்த மாணவர் தடுத்துவிட்டார். எனவே அதன் கீழே, அந்தப் பிடி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதையும், பிடித்தவரின் பெயரையும் அவருடைய தந்தை பெயரையும் எழுதச் செய்தோம். எழுதியதை அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். குரலில் மட்டும் இன்னும் அந்தத் தவறான பெயரே ஒலிக்கிறது.