மீண்டும் ஒரு விண்ணப்பம்

தமிழ்த்துறை ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு மாணவர்கள் வந்து கேட்டபோது, சீறாப்புராணத்தின் நாட்டு வளத்தைப் பற்றி எழுதித் தருவதாகவே வாக்களித்தேன். வந்தவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னரும் ஒரு மாணவன் மட்டும் என் அறை வாயிலிலேயே நின்றான். மருத்துவப் படிப்பிற்கு இருமுறை முயன்று, இடம் கிடைக்காமல், நம் கல்லூரியில் விலங்கியல் பயில வந்தவன் அவன். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் பாடம் கேட்பவன். “ஐயா, மூன்றாம் முறையும் எழுதிப் பார்க்கலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவன் கேட்ட கேள்வி என் வாழ்வில் இருமுறை எழுந்த கேள்வியாகும். ஒருமுறை அதனை நான் என் தந்தையிடம் கேட்டேன். மற்றொரு முறை என் மகள் என்னிடம் கேட்டாள். ஆதலின் சீறாப்புராணத்தை அடுத்த மலருக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, அவனுக்குக் கூற வேண்டிய விடையையே இங்கு எழுத முற்பட்டுள்ளேன்.

நான் மேல்நிலைத் தேர்வில் தேறியது 1993 ஆம் ஆண்டில். மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணோடு மாநில அரசின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டித் தரவரிசை வகுக்கும் முறை அந்நாளில் இருந்தது. 1984 இல் தொடங்கிய அந்நுழைவுத் தேர்வு, 2006 இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் வழியே 2007-08 கல்வியாண்டு முதல் நீங்கிற்று. விண்ணப்பப் படிவம் வாங்கி, வரைவோலை எடுத்து, சான்றிதழ் நகல்களில் சான்றொப்பம் பெற்று, பதிவஞ்சலில் அனுப்பிவிட்டு, அஞ்சல்காரரின் மிதிவண்டி மணிக்காகக் காத்திருந்த அந்த நாள்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன. அழைப்புக் கடிதம் வரவில்லை.

என் தந்தையார் தோல் மண்டி ஒன்றில் கணக்கெழுதி வந்தார். “அத்தா, இன்னொரு முறை எழுதட்டுமா?” என்று கேட்டேன். ஓராண்டு வீட்டில் இருந்து படிப்பதற்கு ஆகும் செலவை அவர் மனத்திற்குள் கணக்கிட்டிருக்க வேண்டும். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “எழுதுப்பா. அல்லாஹ் போதுமானவன்” என்றார்.

மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மேல்நிலைத் தேர்வை மீண்டும் எழுதும் வாய்ப்பு அன்று இருந்தது. நானும் எழுதினேன், நுழைவுத் தேர்வையும் எழுதினேன். 1994 இல் சில மதிப்பெண்கள் கூடின. எனினும் அழைப்பு வரவில்லை. எனக்கு நானே இரங்கிக்கொண்டேன், ஊழைப் பழித்தேன். பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அவ்வோராண்டில் நான் செய்தது இன்னதென எனக்கு விளங்கிற்று. முதலாண்டில் எந்தக் குறிப்பேட்டைப் படித்தேனோ அதனையே மறு ஆண்டும் படித்தேன். உயிரியல் எனக்கு இனித்தது. ஆகவே இனித்ததையே நாள்தோறும் படித்தேன். இயற்பியல் கணக்குகள் அச்சுறுத்தின. அவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப் போட்டேன். விண்ணப்பம் புதிது, விண்ணப்பித்தவன் பழையவன். நான் இரண்டாம் முறை முயன்றதாக எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையில் முதல் முயற்சியையே இருமுறை செய்திருந்தேன்.

அதன் பின்னர் விலங்கியல் பட்ட வகுப்பில் சேர்ந்தேன். அங்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்திய பேராசிரியர் என்னைத் தமிழின்பால் ஈர்த்தார். முதுகலையில் தமிழ் பயின்றேன்; ஆசிரியனானேன். இத்தொழில் எனக்கு நிறைவையே தந்திருக்கிறது. ஆயினும் மருத்துவமனை வாயிலைக் கடக்கும்போது நெஞ்சின் ஓரத்தில் ஒரு முள் அசைவதை நான் மறுக்க மாட்டேன்.

அந்த முள் தான் என் மகளிடம் பேசியிருக்க வேண்டும். அவள் சிறுமியாக இருந்தபோதே, “என் மகள் டாக்டர்” என்று வந்தவர்களிடமெல்லாம் கூறி வந்தேன். அவள் மேல்நிலை முடித்தது 2023 இல். இந்தியா முழுமைக்குமான நீட் தேர்வு தமிழகத்தில் 2017 ஆம் ஆண்டு முதல் மருத்துவச் சேர்க்கையைத் தீர்மானித்து வருகிறது. 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும். தவறான விடைக்கு ஒன்று குறையும். முதல் முறை அவள் வெகு தொலைவில் நின்றுவிட்டாள். 2024 இல் 566 மதிப்பெண் பெற்றாள். முந்திய ஆண்டாயின் நம்பிக்கை கொள்ளத்தக்க மதிப்பெண் அது. ஆனால் அவ்வாண்டு நாடெங்கும் மதிப்பெண்கள் வீங்கியிருந்தன. முதலில் வெளிவந்த முடிவில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றிருந்தனர். வினாத்தாள் கசிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்வு முழுவதையும் நீக்கி மறுதேர்வு நடத்த ஆணையிட இயலாதென 2024 ஜூலை 23 அன்று நீதிமன்றம் அறிவித்தது. என் மகளுக்குத் தகுதி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. தகுதி வேறு, இடம் வேறு என்பதை எங்கள் குடும்பம் அன்று கற்றுக்கொண்டது. தனியார் கல்லூரியில் சேர்க்கலாமே என்றனர் சிலர். குடியிருக்கும் வீட்டை விற்றாலும் அக்கட்டணத்திற்குப் போதாது. “பெண் பிள்ளையை இன்னும் எத்தனை ஆண்டு வீட்டில் வைத்திருப்பீர்கள்?” என்றனர் வேறு சிலர்.

நான் அவளை விடவில்லை. எலிசபெத் பிளாக்வெல் அம்மையாரின் வரலாற்றைக் கூறினேன். அமெரிக்காவில் பல மருத்துவக் கல்லூரிகள் மறுத்த பின்னரே 1847 இல் ஜெனீவா என்னும் சிற்றூரின் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1849 இல் அந்நாட்டின் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணியானார். “அவர் விட்டுவிட்டாரா? நீயும் விடாதே, மீண்டும் எழுது” என்றேன்.

அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னர், “அத்தா, பிளாக்வெல்லை அவர்கள் மறுத்தது அவர் பெண் என்பதற்காக. அது கதவின் குற்றம். என்னுடையது எதனால் என்று நாம் இன்னும் பார்க்கவே இல்லையே” என்றாள். சற்று நேரம் கழித்து மற்றொன்றும் கேட்டாள்: “இது என் விண்ணப்பமா, உங்கள் விண்ணப்பமா?”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சுபுஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். செயலின் மதிப்பு நிய்யத்தில் உள்ளது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் முதற்பாடம். நான் வைத்திருந்த நிய்யத் யாது? 1994 இல் வராத கடிதத்தை 2024 இல் என் மகளின் பெயரில் பெற்றுவிட விரும்பினேனா? விடை கசந்தது. வீட்டிற்குத் திரும்பியதும் அவளிடம், “அம்மா, இனி நான் எதுவும் சொல்ல மாட்டேன். எழுதுவதும் விடுவதும் உன் விருப்பம். எதைத் தேர்ந்தாலும் அத்தா உடனிருப்பேன்” என்றேன்.

அச்சமயம் என் தாயாருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் ஏற்பட்டிருந்தது. நாள் விட்டு நாள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கட்டுப் போட வேண்டும். நன்னியை அழைத்துச் செல்லும் பொறுப்பை மகளே ஏற்றுக்கொண்டாள். மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருநாள் மாலை அவளே வந்து பேசினாள். “கூட்டம் நிறைந்த அந்தப் புறநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டரம்மா நன்னியின் காலைத் தம் கையில் ஏந்திப் பார்த்தார்கள். ‘வீட்டில் செருப்பில்லாமல் நடக்கிறீர்களா, பெரியம்மா?’ என்று கேட்டார்கள். நன்னி அதுவரை யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும், அத்தா. ஒரே ஒருமுறை எழுதுகிறேன். கிடைக்கவில்லை என்றால் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுவேன். அங்கும் நோயாளியின் காலைத் தொடலாம்.”

நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரையறை இல்லை. உச்ச வயது வரம்பும் 2022 இல் நீக்கப்பட்டது. சட்டம் வரையாத எல்லையை என் மகள் தனக்குத் தானே வரைந்துகொண்டாள். அதுவே அவளுக்கு வலிமையாயிற்று என்பேன்.

திருக்குறளில் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்னும் ஒழுங்கை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். என் தோல்விக்கு அதனைப் பயன்படுத்த எனக்குத் தோன்றியதில்லை. என் மகள் பயன்படுத்தினாள். தேர்வு முகமை வெளியிட்ட விடைக்குறிப்பையும் தன் விடைத்தாளின் நகலையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். 149 சரி, 30 தவறு, ஒன்று விடுபட்டது. தவறான 30 ஐயும் வகைப்படுத்தினாள். பாடம் விளங்காமையால் தவறியவை ஏழு மட்டுமே. தெரியாதிருந்தும் துணிந்து குறித்தவை 11. நன்கு தெரிந்திருந்தும் வினாவைச் சரியாகப் படிக்காமல் தவறியவை 12. அந்தப் பன்னிரண்டைச் சரியாகச் செய்து, பதினொன்றைத் தொடாமல் விட்டிருந்தால் 71 மதிப்பெண் கூடியிருக்கும். புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே 637! “பாடத்தில் நோய் குறைவு, அத்தா, அவசரத்தில்தான் நோய்” என்றாள்.

மருந்தும் அதற்கேற்ப அமைந்தது. இரவில் கண்விழித்துப் படித்துவிட்டுப் பிற்பகலில் உறங்குவது அவள் வழக்கம். தேர்வோ பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குவது. அவ்வழக்கத்தை மாற்றினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் கடிகாரத்தை முன்வைத்து மாதிரித் தேர்வு எழுதினாள். 2025 மார்ச் மாதம் ரமலான் வந்தது. நோன்பு நோற்ற நிலையிலும் அவ்வழக்கத்தை அவள் கைவிடவில்லை. என்ன, என்ன என்று கேட்டுத் தொல்லை செய்யாமல் அருகில் அமர்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பதே என் பணியாயிற்று. அதுவும் எளிதான பணியன்று.

2025 மே 4 அன்று தேர்வு நடந்தது. இயற்பியல் பகுதி மிகக் கடினமாக அமைந்திருந்தது. தேர்வு மையத்திலிருந்து கண்ணீரோடு வெளிவந்தாள். ஜூன் 14 அன்று முடிவு வெளியானது: 541. முந்திய ஆண்டைவிட 25 குறைவு! வீட்டில் எவரும் பேசவில்லை. பின்னர்த் தான் தரவரிசையைப் பார்த்தோம். எல்லார்க்கும் கடினமாக இருந்த தேர்வில், தெரியாததைத் தொடாமல் விட்டவளின் இடம் பல்லாயிரம் படிகள் மேலே ஏறியிருந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 இல் வகுக்கப்பட்ட 3.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. எல்லாப் புகழும் இறைவனுக்கே.

என் அன்பு மாணவனே, இவ்வளவும் கூறியது நீயும் எழுதினால் வெல்வாய் என்று உறுதியளிப்பதற்கு அன்று. இடங்கள் குறைவு, விழைவோர் மிகப் பலர். தக்கவர்களும் வெளியே நிற்க நேரும். தேர்வே கூடாதென்றும் நான் சொல்லவில்லை. பாக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்த செய்தி கேட்டு, கலீபா அல்முக்ததிர் 931 ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களைத் தேர்வு செய்து உரிமம் வழங்க ஆணையிட்டார். ஸினான் இப்னு தாபித் என்னும் தலைமை மருத்துவர் எண்ணூற்றுக்கும் மேற்பட்டோரைச் சோதித்தார் என்று வரலாறு கூறுகிறது. பிறர் உயிரைக் கையில் ஏந்த வருவோரை எடை போடுவது முறையே. ஆனால் அந்த எடைக்கல் நின் உயிரையோ நின் மதிப்பையோ அளக்கும் கருவியன்று. ஒரு தேர்வுக்காக உயிரை மாய்த்துக்கொண்ட இளந்தளிர்களை எண்ணும்போதெல்லாம், இதனை அவர்களிடம் எவரேனும் உரிய வேளையில் கூறியிருக்கக் கூடாதா என நெஞ்சம் துடிக்கிறது.

ஆகவே நின் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் விடை கூறப் போவதில்லை. முதலில் நின் பழைய விடைத்தாளை எடுத்து வா. எங்கே தவறியது என்று இருவரும் அமர்ந்து பார்ப்போம். இந்த ஆசை நின்னுடையதா, நின் இல்லத்தாருடையதா என்பதைத் தனித்திருந்து எண்ணிப் பார். கிடைக்காவிடின் எங்கே செல்வாய் என்பதையும் முன்னரே முடிவு செய்துகொள். இவை மூன்றும் தெளிந்த பின்னும் எழுத வேண்டும் என்று நின் உள்ளம் சொல்லுமாயின், ஞாயிறு பிற்பகல்களில் இந்த அறை திறந்திருக்கும். கடிகாரம் ஒன்று இருக்கிறது. திருத்துவதற்கு விடைத்தாள்களும் எனக்கு எப்போதும் உண்டு.