21 சுற்றுக்கு 1

சிந்தாதிரிப்பேட்டையில், ரிச்சி தெருவின் செல்போன் இரைச்சல் எட்டாத ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அந்தப் பட்டறை. வார்னிஷ் வாசனைதான் விலாசம். வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு அதன் தனிக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடிக் குழாயைக் காட்டுவார் என்று நினைத்தால், பெரியவர் செம்புக் கம்பி சுற்றிய பாபின் ஒன்றை என் கையில் வைத்தார்.

“வால்வு கடையில கெடைக்கும் சார். இத நாமதான் சுத்தணும்.”

எழுபதைத் தாண்டியவர். கல்யாண வீட்டு மைக் செட்டுகளைப் பழுது பார்த்துத் தொழில் கற்றவர். இப்போது கேட்டு வருபவர்களுக்கு மட்டும் 300பி ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறார். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938இல் கொண்டுவந்த வால்வு அது. ஒற்றையாக வேலை செய்தால் 8 வாட் தரும். மைக் செட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார். வீட்டுக்கூடத்துக்கு, நல்ல ஸ்பீக்கர் வாய்த்தால், தாராளம்.

வால்வு 3500 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 21 சுற்றுக்கு 1 என்று வருகிறது: வால்வு பக்கத்துப் பிரைமரியில் 2940 சுற்று, ஸ்பீக்கர் பக்கத்துச் செகண்டரியில் 140. கணக்கு அவ்வளவுதான். கஷ்டம் அதைச் சுற்றுவதில். பிரைமரி முழுவதையும் ஒரே மூச்சில் சுற்றி, மேலே செகண்டரியைப் போர்த்திவிட்டால் உச்ச ஸ்வரங்கள் வழியிலேயே தங்கிவிடும். அதனால் பிரைமரியைக் கூறு போட்டு, இடையிடையே செகண்டரியை நுழைத்து, அடுக்குக்கு அடுக்கு பேப்பர் வைக்கிறார்கள்.

கைமிஷினைச் சுற்றிக்கொண்டிருந்த அக்கா நான் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. ஓர் அடுக்கு முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். “கவுண்டரு சுத்தத்தான் எண்ணும். கம்பி மேல கம்பி ஏறிடுச்சான்னு விரலுதான் சொல்லணும். பேசினா விரல் மறந்துடும்.”

பிறகு ஸ்டாம்பிங், அதாவது கோர் தகடுகள். மைக் செட்டுக்கு வேண்டிய, வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும் புஷ்புல் டிரான்ஸ்பார்மரில் ‘இ’, ‘ஐ’ தகடுகளை மாற்றி மாற்றிச் செருகுவார்கள். ஒற்றை வால்வில் டி.சி. கரண்டு முழுக்கக் கம்பி வழியே ஓடுவதால், ‘இ’ எல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’ எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவே ஒரு துண்டுப் பேப்பர். “பேப்பர் மெலிஞ்சா கோர் மூச்சுத் திணறும். தடிச்சா பாஸ் போயிடும்.”

மேசையில் இரண்டு ஆம்ப்ளிஃபயர். ஒரே சர்க்யூட், ஒரே 300பி. டிரான்ஸ்பார்மர் மட்டும் வேறு. நாகஸ்வர எல்.பி. ஒன்றைப் போட்டார். முதலாவதில் தாளத்தின் கிணுகிணுப்பு துணி போர்த்தியது போல. தவிலின் தொப்பிப் பக்கம் கொழகொழவென்று. ஸ்பீக்கர் ஒயரை இரண்டாவதுக்கு மாற்றினார். தாளத்துக்கு விளிம்பு வந்தது. குச்சி தோலில் பட்ட இடம் தெரிந்தது. இரண்டிலும் வால்வு ஒரே ஆரஞ்சுச் சிவப்பில்தான் எரிந்தது. அந்த நிறத்துக்காகவே லட்சங்கள் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பாவம்.

வால்வுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஒற்றை 300பி தன் பங்குக்கு ஒன்றைக் கலக்கிறது: பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது வாசிக்கும் ஸ்வரத்துக்கு மேல்ஸ்தாயியில் அதே ஸ்வரம். புஷ்புல்லில் அது ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். மூன்றாவது வந்தாலும், ஸட்ஜத்துக்கு அது மேல் பஞ்சமம்தான். உறவுக்காரர்கள், காதுக்கு உறுத்தாது. தம்புராவில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தியதும் தந்தி பேசத் தொடங்குகிறதே, அந்த மாதிரி என்று சொல்லத் தோன்றியது. ஆனால் தம்புரா வாத்தியம், ஆம்ப்ளிஃபயர் தபால்காரர். கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிற தபால்காரரை ‘உண்மையான ஒலி’ என்று விளம்பரம் செய்வது எனக்கு ஒப்பவில்லை. அந்த வரி அழகாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இதைச் சொன்னேன். பெரியவர் மறுக்கவில்லை. “சமையல்ல நெய் ஊத்தறதுதான் சார். கருகின சாதத்த நெய் காப்பாத்தாது.”

கிளம்பும்போது சுவிட்சை அணைத்தார். பாட்டு நிற்கவில்லை. தட்டு வேறு பிளக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. கண்டென்சரில் மிச்சமிருந்த மின்சாரத்தில் நாகஸ்வரம் இன்னும் சில விநாடி ஓடி, மெலிந்து, கரகரத்தது. நான் குனிந்து பார்க்கப் போனேன்.

“கைய வெக்காதீங்க,” என்றார். “பாட்டு நின்னாலும் உள்ள வோல்ட் நிக்கும்.”