எதிலிருந்து வந்த எண்?

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நேரம். வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து ஒரு போன் பேச்சின் பதிவை அனுப்பியிருந்தார்கள். வயதானவரின் குரல். "தம்பி, எனக்கு நானூத்தித் தொண்ணூத்தொம்பது ரூவாதான் திரும்பி வரணும். ஆப்புல நாப்பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரம்னு காட்டுது. அடுத்தவங்க காசுப்பா, சீக்கிரம் எடுத்துக்கோங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

எண்ணைக் கேட்டதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. 499-ஐ நூறால் பெருக்கினால் 49,900. எங்கோ பைசாவை ரூபாய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் கேட்வேக்களில் பல, தொகையைப் பைசாவில் முழு எண்ணாகத்தான் அனுப்பும். அதற்கு நல்ல காரணம் உண்டு. 0.1 என்ற சாதாரண எண்ணைக்கூட இரும எண்முறையில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. புள்ளி வைத்த எண்களில் காசுக் கணக்கு வைத்தால் எங்காவது ஒரு பைசா உதைக்கும். எங்கள் விலைகளோ எல்லாமே முழு ரூபாய். அதனால் சில வருடங்களுக்கு முன் 'தொகை' என்ற கிளாஸை நான் எழுதியபோது, ஒரே ஒரு முழு எண்ணை வாங்கிக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டரை அதற்கு வைத்தேன். மேலே 'ரூபாயில் தரவும்' என்று ஒரு வரிக் குறிப்பு. (எழுதியது ஜாவாவில். பெயர்கள் அங்கே ஆங்கிலத்தில் இருந்தன. இங்கே தமிழில் தருகிறேன். ஜாவா தொடக்கம் முதலே யூனிகோடு எழுத்துகளில் பெயர் வைக்க இடம் தருகிறது. 'தொகை' என்றே எழுதினாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்.)

குழுவுக்குப் புதிதாக வந்திருந்த தம்பி, பொருளைத் திருப்பித் தருபவர்களுக்குப் பணத்தை எங்கள் ஆப்பின் வாலட்டிலேயே வரவு வைக்கும் பகுதியை எழுதினான். கேட்வே தந்த பதிலில் 49900 என்று இருந்தது. 'நியூ தொகை(49900)' என்று போட்டான். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. டெஸ்ட் தேறியது, ஏனென்றால் டெஸ்டையும் அதே நினைப்பில்தான் எழுதியிருந்தான். இரண்டு பேர் ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தோம். அந்த இருவரில் ஒருத்தி நான்.

"அக்கா, கேட்வேயில் வந்த எண்ணை அப்படியே போட்டேன். தப்பு என் மேலதான்" என்று முகம் வாடி நின்றான். அவன் மேல் இல்லை. 'எனக்கு ஒரு எண் கொடு' என்று மட்டும் அந்த கன்ஸ்ட்ரக்டர் கேட்டது. அவன் ஒரு எண் கொடுத்தான். எதிலிருந்து வந்த எண் என்று அது கேட்கவே இல்லை. கேட்காமல் எழுதியவள் நான்.

அன்று மாலைக்குள் தவறாக வரவான தொகைகளையெல்லாம் தேடி எடுத்துச் சரிசெய்தோம். ஆனால் அந்த ஒரு வரி மனசை விட்டுப் போகவில்லை. 'நியூ தொகை(49900)'. திரையில் எத்தனை முறை பார்த்தாலும் அதில் பிழை தெரியாது. கண்ணுக்குத் தெரியாத பிழையை ரிவ்யூவில் எப்படிப் பிடிப்பது?

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கிளாஸ் என்பது ஒரு வகை. ஆப்ஜெக்ட் அந்த வகையைச் சேர்ந்த ஒன்று. ஆப்ஜெக்ட் உருவாகும் கணத்தில், அது வேலைக்குத் தயாராக இருக்கும்படி உள்ளே இருக்க வேண்டியவற்றை, அதாவது ஃபீல்டுகளை, நிரப்பித் தருவது கன்ஸ்ட்ரக்டர். 'நியூ' என்று எழுதினால் அது ஓடும். பெயர் சொல்லி அழைக்கும் மற்ற வேலைகள் மெத்தட்டுகள். ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸிலும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கிளாஸின் பெயரே பெயர். அதாவது, அதற்கென்று சொந்தப் பெயர் கிடையாது. மற்ற எல்லா மெத்தட்டுகளுக்கும் பெயர் வைக்க மணிக்கணக்கில் யோசிக்கிறோம். ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கும் இடத்துக்கு மட்டும் பெயர் வைக்க மொழி இடம் தருவதில்லை.

சரி செய்ய உட்கார்ந்தபோது முதலில் வந்த யோசனை, இன்னொரு கன்ஸ்ட்ரக்டர் எழுதுவது. ஒன்று ரூபாய்க்கு, ஒன்று பைசாவுக்கு. முடியாது. ஒரே கிளாஸில் இரண்டு கன்ஸ்ட்ரக்டர் இருந்தால், கொடுக்கும் மதிப்புகளின் எண்ணிக்கையையும் வகையையும் வைத்துத்தான் கம்பைலர் எது எது என்று பிரிக்கும். இரண்டுமே ஒற்றை முழு எண் கேட்டால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது யோசனை, பின்னால் ஒரு கொடி சேர்ப்பது: 'நியூ தொகை(49900, ட்ரூ)'. இது ஓடும். ஆனால் அந்த ட்ரூ எதற்கு ட்ரூ? பைசா என்பதற்கா, வரி சேர்ந்தது என்பதற்கா? படிப்பவர் ஒவ்வொரு முறையும் கிளாஸைத் திறந்து பார்த்தாக வேண்டும். மூன்று மாதம் கழித்து யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

கடைசியில் செய்தது இதுதான். கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கினேன். வெளியிலிருந்து யாரும் அழைக்க முடியாது. கிளாஸின் மேலேயே இரண்டு ஸ்டாட்டிக் மெத்தட்டுகள் வைத்தேன். 'தொகை.ரூபாயிலிருந்து(499)'. 'தொகை.பைசாவிலிருந்து(49900)'. இரண்டும் உள்ளே ஒரே கன்ஸ்ட்ரக்டருக்குத்தான் போகும், அங்கே எல்லாம் பைசாவாகத்தான் தங்கும். மாற்றிவிட்டுக் கம்பைல் செய்தால் பழைய 'நியூ தொகை' இருந்த இடமெல்லாம் சிவப்பாக நின்றது. ஒவ்வொன்றாகப் போய், இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றினோம். இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில், யாரும் புகார் சொல்லாத இன்னொரு இடத்திலும் இதே பிழையைக் கண்டோம். அது வெறும் அறிக்கைப் பகுதி என்பதால் பணம் எதுவும் நகரவில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜோஷுவா ப்ளாக் 2001-இல் எழுதிய 'எஃபெக்டிவ் ஜாவா' நூலின் முதல் அறிவுரையே, கன்ஸ்ட்ரக்டருக்குப் பதிலாக இப்படிப்பட்ட மெத்தட்டுகளை யோசித்துப் பார் என்பதுதான். நான் அதை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே படித்திருந்தேன். படித்தது கைக்கு வர ஒரு பெரியவரின் போன் தேவைப்பட்டது.

பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், இந்தக் கேள்வியை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் சந்தித்திருப்பது தெரிகிறது. ஆஸ்லோவில் டாலும் நைகோரும் உருவாக்கிய சிமுலா 67-இலேயே கிளாஸ், ஆப்ஜெக்ட், நியூ மூன்றும் வந்துவிட்டன. அதைப் பார்த்து பெல் லேப்ஸில் 1979-இல் ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் தொடங்கிய சி பிளஸ் பிளஸ், முதலில் 'சி வித் கிளாஸஸ்' என்றுதான் அழைக்கப்பட்டது. அந்த முதல் வடிவத்தில் கன்ஸ்ட்ரக்டருக்கு 'நியூ' என்பதே பெயராக இருந்தது. மற்ற மெத்தட்டுகள் நம்பி வேலை செய்யும்படியான சூழலை முதலில் அமைத்துத் தருவதுதான் அதன் வேலை. ஐஃபெல் மொழியைச் செய்த பெர்ட்ராண்ட் மேயர் இன்னும் ஒரு படி போனார். ஆப்ஜெக்டை உருவாக்கும் செயல்முறைகளுக்கே விரும்பிய பெயர் வைக்கலாம் என்று அனுமதித்தார். ஒரு புள்ளியை கிடைத்தூரம்-உயரம் என்றும் குறிக்கலாம், தூரம்-கோணம் என்றும் குறிக்கலாம். இரண்டுக்கும் இரண்டிரண்டு எண்கள்தான். ஐஃபெலில் இரண்டு பெயர்கள் போதும், குழப்பம் இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது ஸ்மால்டாக். அதில் கன்ஸ்ட்ரக்டர் என்று தனி இனமே கிடையாது. கிளாஸே ஒரு ஆப்ஜெக்ட். அதனிடம் செய்தி சொன்னால் அது உனக்கு ஒன்றைச் செய்து தரும். 'டேட் டுடே' என்று எழுதினால் இன்றைய தேதி கிடைக்கும். வாய்விட்டுப் படித்தாலே பொருள் விளங்குகிறது. ஸ்மால்டாக்-80-இல் மெட்டாகிளாஸ் என்ற தலைசுற்றும் ஏற்பாடு வந்ததற்கு ஒரு முக்கியக் காரணமும் இதுதான்: ஒவ்வொரு கிளாஸும் தன் பிள்ளைகளைத் தன் முறைப்படி பெற்றெடுக்க, தனக்கென்று மெத்தட்டுகள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று பைத்தானில் 'டேட்.டுடே' என்று எழுதும்போதெல்லாம் அந்தப் பழைய வாக்கியம் காதில் விழுகிறது.

பைத்தானுக்கு நான் பிறகுதான் போனேன். அங்கே கன்ஸ்ட்ரக்டரின் இடத்தில் இருப்பது 'இனிட்' என்ற மெத்தட். ஒரு கிளாஸுக்கு ஒன்றுதான். இரண்டாவது எழுதினால் முதலாவது சத்தமில்லாமல் அழிந்துபோகும். அந்த இனிட்டும் உண்மையில் ஆப்ஜெக்டை உருவாக்குவதில்லை. அதற்கு முன்பே 'நியூ' என்ற மெத்தட் உருவாக்கிவிடும். 'செல்ஃப்' என்று கையில் வருவது ஏற்கெனவே பிறந்த, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லாத ஆப்ஜெக்ட். ஆகவே வேறு வழிகளில் பிறப்பதற்கு கிளாஸ்மெத்தட்தான் இயல்பான இடம். 2001-இல் வந்த பைத்தான் 2.2-இல் அது மொழிக்குள் வந்தது. ஜாவாவின் ஸ்டாட்டிக் மெத்தட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜாவாவிலிருந்து வந்த என் கைக்கு அது பழகச் சில வாரங்கள் ஆயின. கிளாஸ்மெத்தட்டின் முதல் மதிப்பாக, எந்தக் கிளாஸின் மேல் அழைத்தார்களோ அந்தக் கிளாஸே வந்து சேரும். வழக்கமாக அதற்கு 'சிஎல்எஸ்' என்று பெயர் வைப்போம். நான் அதைப் பயன்படுத்தாமல், பழைய பழக்கத்தில் என் கிளாஸின் பெயரை நேரடியாக எழுதி வைத்திருந்தேன். ஒருவர் அதைத் தாயாக வைத்து, அதன் மெத்தட்டுகளை வாங்கிக்கொண்டு தன்னுடையதையும் சேர்க்கும் ஒரு சேய் கிளாஸ் செய்து, அதன் மேல் என் மெத்தட்டை அழைத்தார். அவருக்குக் கிடைத்தது தாயின் ஆப்ஜெக்ட். சேயின் புது மெத்தட்டுகள் எதுவும் அதில் இல்லை. பெயரை அழித்துவிட்டு 'சிஎல்எஸ்' என்று எழுதியதும் சரியாயிற்று. பைத்தானின் சொந்த 'டேட்.டுடே' அப்படித்தான் நடந்துகொள்கிறது. அதிலிருந்து ஒரு சேய் கிளாஸ் செய்து அழைத்துப் பாருங்கள், சேய்தான் வரும்.

கன்ஸ்ட்ரக்டருக்குள் எவ்வளவு வேலை வைக்கலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: மிகக் குறைவாக. வாங்கிய மதிப்பைச் சரிபார்க்கட்டும், ஃபீல்டுகளில் வைக்கட்டும், அதோடு நிற்கட்டும். ஜாவாவில் ஒரு முறை தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் 'சரிபார்' என்ற மெத்தட்டை அழைத்திருந்தேன். சேய் கிளாஸ் அந்த மெத்தட்டைத் தனக்கேற்ப மாற்றி எழுதி, 'உச்சவரம்பு' என்ற தன் ஃபீல்டோடு ஒப்பிட்டது. உச்சவரம்பு ஒரு லட்சம் என்று கோடில் தெளிவாக இருந்தது. ஆனால் ஓடும்போது எல்லாத் தொகையும் வரம்பு மீறியதாக நின்றது. டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் உச்சவரம்பு பூஜ்யம். காரணம் இதுதான்: தாயின் கன்ஸ்ட்ரக்டர் முழுக்க முடிந்த பிறகுதான் சேயின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு வரும். அதற்குள் தாய் அழைத்த மெத்தட்டோ சேயினுடையது. பாதி பிறந்த ஆப்ஜெக்ட் தன் கணக்கையே சரிபார்த்துக்கொண்டிருந்தது. சி பிளஸ் பிளஸ் இங்கே வேறு முடிவு எடுத்திருக்கிறது. தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்வரை தாயின் மெத்தட்டைத்தான் அழைக்கும். அதிலும் எதிர்பாராத விளைவுகள் உண்டு, ஆனால் இந்தப் பூஜ்யம் வராது.

டேட்டாபேஸைத் திறப்பது, கோப்பைப் படிப்பது, நெட்வொர்க்கில் கேட்பது எல்லாம் கன்ஸ்ட்ரக்டருக்கு வெளியே. அவற்றைப் பெயருள்ள மெத்தட் செய்துமுடித்து, கிடைத்த மதிப்புகளை கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுக்கட்டும். அப்போதுதான் டெஸ்ட் எழுதுபவர் கோப்பே இல்லாமல் ஒரு ஆப்ஜெக்டைச் செய்ய முடியும்.

இன்னொன்று. 'நியூ' என்று எழுதினால் புதிதாக ஒன்று வந்தே தீர வேண்டும். பெயருள்ள மெத்தட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏற்கெனவே இருப்பதையே திருப்பித் தரலாம். ஜாவாவின் 'இன்டிஜர்.வேல்யூஆஃப்' -128 முதல் 127 வரையான எண்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆப்ஜெக்டைத்தான் மறுபடி மறுபடி தரும். எங்கள் கிளாஸிலும் 'தொகை.பூஜ்யம்' என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு ஆப்ஜெக்ட், எல்லாருக்கும் பொது. தொகையை ஒரு முறை செய்துவிட்டால் பிறகு யாரும் மாற்ற முடியாது என்பதால் இது பாதுகாப்பு.

எல்லாக் கிளாஸுக்கும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரே வழியில்தான் பிறக்கும், கொடுக்கும் மதிப்பில் ஐயம் இல்லை என்றால் வெறும் கன்ஸ்ட்ரக்டரே நேர்மையானது. தேவையில்லாத இடத்திலும், ஆப்ஜெக்ட் செய்து தரும் ஃபேக்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கோடைப் பராமரித்திருக்கிறேன்; ஒரு ஆப்ஜெக்ட் எங்கே பிறக்கிறது என்று தேட நான்கு கோப்பு திறக்க வேண்டும். சில டேட்டாபேஸ் லைப்ரரிகள், எதுவும் வாங்காத வெற்று கன்ஸ்ட்ரக்டர் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று கேட்கும். கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்கும்போதெல்லாம், பூட்டிய வீட்டுக்குப் பின்கதவைத் திறந்து வைப்பதுபோல் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு ரிவ்யூ அனுப்பினாள். வங்கிகள் அனுப்பும் அறிக்கையின் ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு 'பரிவர்த்தனை' ஆப்ஜெக்ட் செய்யும் வேலை. கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட்டாக வைத்து, 'உருவாக்கு' என்று ஒரு மெத்தட் எழுதியிருந்தாள். முறை சரி. பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதினேன்: "எதிலிருந்து?"

சிறிது நேரத்தில் என் மேசைக்கே வந்துவிட்டாள். "வங்கி வரியிலிருந்துன்னு மாத்தப் போனேன் அக்கா. எந்த வங்கின்னு எழுதணும்னு தோணுச்சு. ரெண்டு வங்கிக் கோப்பையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒண்ணுல நாள் முதல்ல வருது, இன்னொண்ணுல மாசம் முதல்ல வருது. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் ரெண்டையுமே எரர் காட்டாமத்தான் படிக்குது." நாங்கள் வைத்திருந்த மாதிரிக் கோப்புகளில் எல்லாத் தேதிகளும் பன்னிரண்டுக்குள்தான் இருந்தன.

மறுநாள் காலை இரண்டு மெத்தட்டுகளாகப் பிரித்து அனுப்பியிருந்தாள். டெஸ்டில் முதல் தேதி, மாதத்தின் 25.