தோட்டத்துக்கு எதுக்கு டாக்டர் கொசுவலை?

இன்னிக்கு லீவு. திருவரங்குளம் கடைத்தெருவுல அம்மாவுக்கு வெத்தலை, கத்தரி, வெண்டை விதை ரெண்டு பாக்கெட், ஒரு களைக்கொத்து. கொல்லையில் தோட்டம் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. கூடவே டார்ச்சும் கொசுவலையும் எடுத்தேன். "தோட்டத்துக்கு எதுக்கு டாக்டர் கொசுவலை?"ன்னார் கடைக்காரர். கட்டுவிரியனுக்குண்ணே.

செடி, ஈரம், தவளைன்னு வந்தா பாம்பும் வரும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். தரையில் பாய் விரிச்சுத் தூங்குறவங்களைத்தான் அதிகம் கடிக்கும். பெரிய வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியக்காலையில் வயித்துவலி, வாந்தி. அப்புறம் கண்ணிமை தூக்க முடியாது, எச்சில் முழுங்க முடியாது. ராத்திரி சாப்பிட்டது சேரலைன்னு சோடா குடிச்சுட்டு வீட்டிலேயே இருந்தா மூச்சே நின்னுடும்.

கட்டில் இருந்தா நல்லது. இல்லைன்னா வலையோட ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுத்தி நல்லா செருகிட்டுப் படுங்க.

சந்தேகம்னாலே 108. கீறாதீங்க, கயிறு போட்டு இறுக்காதீங்க. பாம்பைத் தேடி அடிச்சுப் பையில் எடுத்துட்டு வரவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் போடுறோம்.