பெயர் மாறிய ஆட்டம்

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலுக்கிடையே, மாலையில் ஒரு மாடிவீட்டிலிருந்து தட்டுக்கழியின் ஓசை கேட்கும். எங்கள் வீட்டுச் சிறுமியும் அங்கே பரதம் பயில்கிறாள். குடும்பப் பெண்கள் இவ்வாட்டத்தின் பக்கமே போகலாகாது என்று கேட்டு வளர்ந்த எங்கள் பாட்டி, கொள்ளுப்பேத்தி ஆடுவதைக் கண்டு பூரித்துப்போனார். இம்மாற்றம் எப்படி நேர்ந்தது என்று நாங்கள் பலமுறை யோசித்ததுண்டு.

சதிர் என வழங்கிய ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்னும் பெயர் 1930களில் நிலைபெற்றது. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே, கோயிலில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டத்தால் தடுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடும்போராட்டத்தின் பயன் அது, வேண்டிய சட்டமே. 1953இல் சங்கீத நாடக அகாதெமி தில்லியில் தொடங்கப்பெற்றது. புதிய தேசம் உலகுக்குக் காட்டிய முகங்களுள் பரதமும் ஒன்றாயிற்று.

ஆட்டத்தை ஏற்ற தேசம் ஆடியவர்களை ஏற்றதா? மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்தவர். ருக்மிணி தேவியும் பாலசரசுவதியும் அவரிடம் பயின்றனர். பாலசரசுவதிக்கு 1955இல் அகாதெமி விருது கிடைத்தது. அவரைப் போன்ற சிலர் நீங்கலாக, அக்குடும்பப் பெண்கள் பலர் மேடையைவிட்டே விலகினர். தம் மக்களுக்குக் கற்பிக்கவும் தயங்கினர். இழிவை நீக்கவந்த காலம் அவர்களது வித்தையையும் சேர்த்தே கைவிடச் செய்தது.

தேசம் கட்டுவோர்க்கு மரபு வேண்டும். அதைக் காத்துக் கையளித்தவர்களின் பெயரும் அதனோடு வரவேண்டும் என்பதே எங்கள் எண்ணம். பாடத்தில் இல்லாவிடினும் வீட்டிலாவது அதைச் சொல்லலாமே.